படிக்கட்டில் நாலு சாமிப் படங்கள்

சென்ற ஆண்டு அக்கா இறந்த முப்பத்தோராம் நாளன்று உங்கள் கைகளில் தந்த கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்" என்று அதில் அச்சிட்டிருந்தோம். எழுதியவன் நான். பிழை திருத்தியவனும் நான்தான். ஓர் ஒற்றெழுத்துக்கூடத் தவறாமல் பார்த்துப் பார்த்துத் திருத்திவிட்டு, அந்தப் பெரிய பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

அக்கா எட்டு வருடங்கள் நோயோடு இருந்தார். அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. நுரையீரலில் உயர் இரத்த அழுத்தம். முதலாம் ஆண்டு நினைவாக வரும் இந்த மலரில் அந்தப் பெயரை எழுதியே தீருவேன் என்று நின்றேன். அத்தானும் அவர்களது ஒரே மகள் சுதாவும் சம்மதித்துவிட்டார்கள். அவர்கள் சம்மதித்த கதையும் இதற்குள் வருகிறது. எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது, சொல்ல அவ்வளவு இருக்கிறது. என் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்கள் நினைவு மலரில அழுது அழுது எழுதுவினம். நீங்கள் பொயிலர் திருத்தப் போற ஆளைப்போலயெல்லோ துள்ளுறியள்" என்றாள். துள்ளத்தான் செய்கிறேன். அக்கா இருந்தால் அவரும் என்னோடு சேர்ந்து துள்ளியிருப்பார்.

முறைப்படி பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். அக்கா கோண்டாவிலில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடைசிப் பிள்ளை நான். கணித ஆசிரியையாகப் பணியாற்றினார், அத்தானைக் கைப்பிடித்தார், எண்பதுகளின் நடுவில் நாட்டு நிலைமை துரத்த இருவரும் இலண்டன் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடமே சுதா பிறந்தாள். அதற்கடுத்த வருடம் நானும் வந்து அவர்களது கிங்ஸ்பரி வீட்டின் மிகச் சின்ன அறையில் கட்டிலும் நானுமாக அடைந்துகொண்டேன். அத்தான் தபால் பிரிக்கும் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அக்கா கிழமை நாள்களில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்தார், சனிக்கிழமைகளில் ஹரோவில் தமிழ் வகுப்பு எடுத்தார். கணிதம் படிப்பித்த கையால் உருளைக்கிழங்கு தோலுரிக்கிறேன் என்று அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பி, வீடுகளுக்கு வெப்பக் குழாய் பொருத்தும் தொழிலைப் படிக்க வைத்தவர் அவர்தான். அந்தத் தொழில்தான் பிற்பாடு அக்காவுக்கே உதவியது.

கல்வெட்டில் அக்காவின் நற்குணங்கள் என்று நான் அடுக்கியவற்றை இப்போது எடுத்து வாசிக்கிறேன். நிதானமான நடை. அதிர்ந்து பேசாத அடக்கம். படியேறும்போதும் நின்று தொழுகின்ற பக்தி. மேல் வகுப்பை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, கீழ்த்தளத்தில் எழுத்துப் பழகும் அரிவரிப் பிள்ளைகளோடு தரையில் இருந்த பணிவு. எல்லோரும் வாசித்துத் தலையாட்டினீர்கள். சிலர் கண் கலங்கினீர்கள். உறவுகளே, அக்கா நல்லவர்தான், அதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். ஆனால் நான் அடுக்கிய அந்த நாலும் நற்குணங்கள் அல்ல. நாலும் நோயின் அறிகுறிகள்.

எங்கள் வீட்டுப் படிக்கட்டைத் தெரியாதவர்கள் உங்களில் குறைவு. முன்கதவைத் திறந்ததும் நேரே மேலே போகும் பதின்மூன்று படிகள். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பிள்ளையார் படம் ஒன்றைக் கொண்டுவந்து, பன்னிரண்டாம் படிக்கு நேரே சுவரில் மாட்டித் தரச் சொன்னார்.

"மேல சாமி அறை இருக்குத்தானே அக்கா, படியில எதுக்கு?" என்று கேட்டேன்.

"போற வாற நேரமெல்லாம் கும்பிடலாமெல்லோ. நீ துளையைப் போடு" என்றார்.

போட்டேன். அடுத்த வருடம் ஆறாம் படிக்கு நேரே முருகன் வந்தார். அதன்பிறகு ஒரே குளிர்காலத்தில் ஒன்பதாம் படியில் இலட்சுமியும் மூன்றாம் படியில் சரஸ்வதியும் வந்து சேர்ந்தார்கள். நாலு படத்துக்கும் சுவரில் துளை போட்டவன் நான். அக்கா ஒவ்வொரு படத்தின் முன்னும் நிற்பார், முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பார், சட்டத்தை இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம் ஒரு நூல் அசைப்பார், கண்ணை மூடிக் கும்பிடுவார், பிறகு அடுத்த மூன்று படி ஏறுவார். வந்த சனமெல்லாம் வாய் பிளந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பக்தி வருமோ என்று பெருமூச்சு விட்ட தாய்மாரை எனக்குத் தெரியும்.

மிச்சம் மாமாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அவர், ஊர் மருத்துவமனையில் அப்போதிக்கரியாக, டொக்டருக்கு அடுத்தபடியாக, இருந்து ஓய்வு பெற்றவர், இலண்டனின் மிச்சம் என்ற பகுதியில் இருப்பதால் எங்களுக்கு மிச்சம் மாமா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போனால், கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்த பிறகுதான் சோறு. யாருக்கு எவ்வளவு என்று சத்தமாக அறிவிப்பார். எனக்குக் கூடுதல், அத்தானுக்கு மிகக் கூடுதல், அக்காவுக்கு மட்டும் எப்போதும் சரியான அளவு. "உனக்கென்ன பிள்ளை, நூறு வருசம் இருப்பாய். இவங்களுக்குத்தான் உப்பைக் குறைக்கவேணும்" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த அப்பளத்தைத் தன் கோப்பைக்கு மாற்றுவார். பிரஷர் என்றால் உடம்புக்கெல்லாம் ஒன்றுதான், அது கையில் தெரிந்துவிடும் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "என்ர பிழையையும் போடு, ஆக்கள் அறியட்டும்" என்று அவரே சொன்னார்.

இனி, எல்லாம் திரும்பிய நாளுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை. மாடி நடையில் குளிர் தாங்கவில்லை என்று அங்கே ஒரு ரேடியேட்டர் பொருத்திக்கொண்டிருந்தேன். படிக்கட்டுச் சுவரோடு குழாய் கொண்டுபோக வேண்டியிருந்ததால் நாலு படங்களையும் கழற்றித் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டேன். அக்கா தமிழ் வகுப்பு முடிந்து வந்தார். நான் மேலே தரையில் படுத்தபடி குழாயை இறுக்கிக்கொண்டிருந்தேன், அவர் என்னைக் காணவில்லை. மூன்றாம் படியில் நின்றார். அங்கே படம் இல்லை, வெறும் சுவர். கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு ஏறி ஆறாம் படியில் நின்றார். ஒன்பதாம் படியில் நின்றார். கும்பிடவில்லை. வாய் திறந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது, கழுத்து நரம்பு துடித்தது எனக்கு மேலேயிருந்தே தெரிந்தது.

"அக்கா, படமெல்லாம் கழட்டிப் போட்டன். என்னத்துக்கு நிக்கிறியள்?"

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஒரு பொய் தேடினார் என்றுதான் நினைக்கிறேன், கிடைக்கவில்லை. "மூச்சு எடுக்க நிண்டனான்" என்றார்.

"எத்தினை நாளா?"

"நீ முதல் பிள்ளையாரைக் கொழுவின நாளில இருந்து."

குறடு கையிலிருந்து நழுவிப் படியெல்லாம் உருண்டு கீழே போனது. பதின்மூன்றாம் படியில் அக்காவை இருத்திவிட்டுக் கேட்டேன், அவர் எல்லாவற்றையும் சொன்னார். குடும்ப மருத்துவர் ஆஸ்துமா என்று தந்த, வாயில் வைத்து உறிஞ்சும் பம்பியால் ஒரு பலனும் இல்லை. வேலையிடத்துப் பின்படியில் சறுக்கி விழுந்தேன் என்று சொன்னது சறுக்கல் இல்லை, மயக்கம். வகுப்பில் மேல்மாடி ஏற ஏலாமல்தான் அரிவரி கேட்டு வாங்கினார். மெல்லப் பேசியது பேச மூச்சுப் போதாததால்.

"ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"சுதா பொம்பிளைப் பிள்ளை. தாய் நெஞ்சு வருத்தக்காரி எண்டு நாலு பேருக்குத் தெரிஞ்சால், நாளைக்கு அவளை ஆர் கலியாணம் செய்வினம்?"

சுதாவுக்கு அப்போது ஆறு வயது. கீழ் அறையில் ஒரு ரயில் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் விடவில்லை. குடும்ப மருத்துவரிடம் போய் நெஞ்சை முழுதாகப் பார்க்காமல் எழும்ப மாட்டேன் என்று உட்கார்ந்தேன். அங்கிருந்து நகரத்துப் பெரிய நெஞ்சு மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் எங்கே போனாலும் அக்காவுக்காக நான்தான் பேசுவேன். மரியாதையாக, எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்ற தொனியில் பேசுவேன். அன்றைக்கு அந்த இளம் பெண் மருத்துவர், "படி ஏறுவீர்களா?" என்று கேட்டார். அக்கா வழமைபோல, "ஓம், ஏறுவன், ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொல்லு" என்றார். நான் அதைச் சொல்லவில்லை. படங்களைச் சொன்னேன். முதலில் பன்னிரண்டாம் படி, அடுத்த வருடம் ஆறாம் படி, பிறகு ஒன்பதும் மூன்றும். மருத்துவர் பேனையை எடுத்து ஒவ்வொரு படத்துக்கும் வருடம் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "இதைவிடத் தெளிவான நோய்க் குறிப்பை யாரும் எனக்குத் தந்ததில்லை" என்றார். முதல் வருடம் மாடி ஏறி முடியும் இடத்தில் மட்டும் மூச்சு வாங்கியிருக்கிறது. அடுத்த வருடம் பாதியில். மூன்றாம் வருடம் மூன்று படிக்கு ஒருதரம். நோய் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறி நின்றது, அதற்கு ஆணி அடித்தவன் நான்.

ஸ்கான் எடுத்தார்கள். கழுத்து இரத்த நாளம் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போகும் இரத்த நாளத்துக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார்கள். கைப்பட்டியில் அன்று காலையும் சரியான அளவு. உள்ளே, இருக்கவேண்டியதைப்போலப் பல மடங்கு.

எனக்கு விளங்கவில்லை. மருத்துவர் ஒரு தாளில் வரைந்தார். வரைய வரைய நான் தாளுக்குக் கிட்டக் குனிந்தேன், ஏனென்றால் அது நான் தினமும் வேலையில் பார்க்கிற குழாய் வரைபடம். கொஞ்சம் பொறுத்து இதை வாசியுங்கள், இதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நம் நெஞ்சில் ஒரு பம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள் இருக்கின்றன. இடப்பக்கத்துப் பம்பு உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. மிச்சம் மாமாவின் பட்டி அளப்பது அந்தச் சுற்றை மட்டும். வலப்பக்கத்துப் பம்பு நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் விடுவதைப்போல இலேசான வேலை அது, அதனால் அந்தப் பம்பின் சுவரும் மெல்லியது. நுரையீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள் தடித்து ஒடுங்கத் தொடங்கினால் அந்த மெல்லிய பம்பு முழுப் பலத்தோடும் தள்ளவேண்டும். கொஞ்சக் காலம் தள்ளும். சுவர் தடிக்கும். பிறகு வீங்கித் தளரும். அப்போது கால் வீங்கும், வயிறு ஊதும், ஓடினால் ஏறினால் மயக்கம் வரும், ஏனென்றால் நுரையீரலைக் கடந்து இடப்பக்கத்துக்கு வந்து சேரும் இரத்தமே குறைந்துபோகிறது. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் வலப்பக்கம் நின்றுவிடும். "இரண்டு தனிச் சுற்றுகள். நாங்கள் ஒன்றைத்தான் அளந்துகொண்டிருந்தோம்" என்று ஆங்கிலத்தில் நான் துள்ளி எழும்ப, மருத்துவர், "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பிறவியிலேயே நெஞ்சில் ஓட்டை இருந்தவர்களுக்கு, நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தவர்களுக்கு, நீண்டகாலம் நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு, மெலிவதற்கென்று சில மாத்திரைகள் விழுங்கியவர்களுக்கு இந்த நோய் வருவதுண்டு என்று சொன்னார்கள். அக்காவுக்கு இதில் ஒன்றும் இல்லை. காரணம் தெரியாமலே வருகிற வகை. அபூர்வமாகச் சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வசனத்தை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அதற்குப் போதிய ஆங்கிலம் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரை, நீர் போக ஒரு மாத்திரை, வீட்டில் மூச்சுக்கு ஒட்சிசன். கீரையை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு ஒருநாள் விடக்கூடாது, ஏனென்றால் அந்த மாத்திரையின் அளவு குழம்பும். உப்புக் குறைப்பு கடைசியில் அக்காவுக்கே வந்தது. விமானம் ஏறக்கூடாது, இன்னொரு பிள்ளை பெறுவது உயிருக்கே ஆபத்து. கனடாவில் தன் தங்கையின் கலியாணத்துக்கு அக்கா வராததைப் பெரிய மனக்குறையாகப் பேசியவர்கள் இருக்கிறீர்கள். "சுதாவுக்கு ஒரு தம்பி வேண்டாமோ?" என்று கொண்டாட்ட வீடுகளில் அக்காவைப் பிடித்துவைத்துக் கேட்டவர்களும் இருக்கிறீர்கள். தெரியாமல் கேட்டீர்கள். தெரியாமல் வைத்திருந்தவர்கள் நாங்கள்.

இரண்டு வருடத்தில் அந்த மருந்துகள் போதாமல் போயின. வீட்டுக்குள் நடக்கவே அக்கா சுவரைப் பிடித்தார். அப்போதுதான் புதிய மருந்து ஒன்றைப் பற்றி மருத்துவர் சொன்னார். நெஞ்சில் நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய் வைத்து, இடுப்பில் கட்டிய ஒரு சின்னப் பம்பு இரவு பகலாக ஒவ்வொரு சொட்டாக மருந்தை உள்ளே தள்ளும். சில நிமிடம் நின்றாலும் ஆபத்து. மருந்தைத் தினமும் வீட்டிலேயே கலக்கவேண்டும், ஐஸ் பைகளுக்கு நடுவில் குளிராக வைத்திருக்கவேண்டும், கலக்கும்போது ஒரு தூசி போனாலும் கிருமி நேரே இரத்தத்துக்குப் போகும்.

அத்தான் பயந்தார். நான் பயந்தேன். அக்கா, கலந்து காட்டிய தாதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கணக்குத்தானே, செய்யலாம்" என்றார். அந்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டு நடைமுறையே மாறியது. விடிந்ததும் அக்கா தலைக்குக் குளித்துத் தோய்வார். பூசைக்குப் போவதைப்போலத் தோய்த்துலர்ந்த சீலை உடுத்து, மேசையைத் துடைத்து, கையை முழங்கை வரை கழுவி, ஒருவரோடும் பேசாமல் இருந்து கலப்பார். அந்த நேரத்தில் அடுப்படிக்குள் கால் வைக்க எவருக்கும் அனுமதி இல்லை. ஃபிரீசரில் பாரை மீனுக்கு ஒரு தட்டு, ஐஸ் பைகளுக்குத் தனித் தட்டு. வீட்டைப் பார்வையிட வந்த தாதி ஃபிரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்படிச் சுத்தம் பார்க்க யார் பழக்கினார்கள்?" என்று கேட்டார். "எங்கட சாமிகள்" என்று அக்கா சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

மருந்துக்குத் தொந்தரவுகள் இருந்தன. ஒவ்வொரு சாப்பாட்டிலும் முதல் கவளம் மெல்லும்போது தாடை பிளக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவக்கும், பாதம் நோகும். அக்கா முதல் கவளத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார், இரண்டாம் கவளத்துக்குச் சிரிப்பார். மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிறு மிச்சம் மாமாவும் வந்திருந்தார். அக்கா இடுப்புப் பையைச் சரிசெய்துகொண்டு படிக்கட்டின் அடியில் நின்று, "தம்பி, எண்ணு" என்றார்.

நாங்கள் அத்தனை பேரும் கீழே நின்றோம். சுதா என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப மாட்டியிருந்த சரஸ்வதியைக் கடந்தார். ஆறு, முருகனைக் கடந்தார். அங்கிருந்து சுதா என்னை முந்திக்கொண்டு எண்ணினாள். ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பி எங்களைப் பார்த்தார். மூச்சு வாங்கியது, ஆனால் உதடு சிவப்பாக இருந்தது.

"சாமியள் கோவிக்கப் போகினம். ஒருத்தரையும் பாக்காமல் வந்திட்டன்" என்றார்.

மிச்சம் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தான் அடுப்படிக்குள் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார், அதில் சீனி போட மறந்துபோனார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமான நாள் இன்னொன்று இல்லை. அடுத்த சனிக்கிழமை அக்கா ஹரோ வகுப்பில் மேல்மாடி ஏறி, பெரிய வகுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கொஞ்சம் சத்தம் போட்டே படிப்பித்தாராம். அக்காவுக்கு அதட்டவும் தெரியும் என்பதை அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் அறிந்தார்கள்.

அப்படி மூன்று வருடங்கள். மருந்து நோயைத் துரத்தவில்லை, தள்ளி வைத்திருந்தது. கடைசிக் குளிர்காலத்தில் நெஞ்சில் கிருமி பற்றி, தளர்ந்த வலப்பக்கத்துக்கு அதைத் தாங்க முடியவில்லை. மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தார். நாலாம் நாள் என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"சுதாவைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சை டொக்டரிட்டக் காட்டு. என்னைப்போல ஒளிக்க விடாத."

"ஓமக்கா" என்றேன்.

அந்த ஓமுக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை கல்வெட்டில் பொய் எழுதியது. "தம்பி, வருத்தத்தின்ர பேர் போடவேண்டாம். பிள்ளை இருக்கு, நீர் யோசியும்" என்றார் அத்தான். நான் யோசிக்கவில்லை, உடனே தலையாட்டினேன். சுதாவின் பரிசோதனையும், பிறகு பார்ப்பம், பாடசாலைச் சோதனை முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளிப் போனது. ஒரு வருடம் ஆகப் போனது. இதற்கிடையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடசாலையில் ஓடுவதை விட்டுவிட்டாள். விளையாட்டு நாளில் வயிற்றுவலி என்பாள். அத்தான் அதைச் சோம்பல் என்றார். நான் அவள் படி ஏறும்போதெல்லாம் பத்திரிகைக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

சென்ற மாதம் இந்த மலருக்குப் படம் தேடிக்கொண்டிருந்தபோது சுதா அந்தக் கல்வெட்டோடு வந்தாள்.

"மாமா, அம்மாவுக்கு என்ன இல்னஸ் எண்டு இதில எங்க இருக்கு? முழுக்கப் படிச்சன், இல்லை."

நான் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

"அது வெட்கமான விசயமா?"

"இல்லையம்மா."

"அப்ப எனக்கும் அது இருந்தா என்ன செய்வீங்கள், அதையும் போட மாட்டீங்களா?" கல்வெட்டை மேசையில் வைத்தாள். "நான் ஏன் ஓடுறேல்ல தெரியுமா? ஓடினா மூச்சு வாங்கும். வாங்கினா எனக்கும் அதுதான் எண்டு தெரிஞ்சிடும். அதான் ஓடேல்ல."

வாசலில் அத்தான் நின்றார். சீருடையோடு, ஷிப்டுக்குப் போகச் சாப்பாட்டுப் பையோடு. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. பையை நிலத்தில் வைத்தார். வந்து மகளின் தலையில் கை வைத்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு டொக்டருக்குப் போன் அடிப்பம்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, நீர் பேரைப் போட்டே எழுதும்" என்றார்.

அதே மருத்துவமனை, அக்காவின் படங்களைக் குறித்துக்கொண்ட அதே மருத்துவர். சுதாவின் நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைப் பூசிக் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாது. அத்தான் சுதாவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் பொத்தான்களைப் பூட்டிப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். கருவியை வைத்துவிட்டு மருத்துவர் சுதாவிடமே நேரே சொன்னார். "உன் இதயத்தின் வலப்பக்கம் சரியான அளவில் இருக்கிறது. நோயின் அறிகுறி ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டு. இன்றைக்கு நீ ஓடலாம்."

வீட்டுக்கு வந்து முன்கதவைத் திறந்ததுதான் தாமதம், சுதா சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியில் ஓடினாள். ஆறாம் படியில் நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

"ஏன் பிள்ளை நிண்டனீ?" என்று கத்திவிட்டேன்.

"முருகன் சரிஞ்சு கிடக்கிறார் மாமா" என்றாள். படத்தை நேராக்கினாள். மிச்ச ஏழு படியையும் இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டு மேலே போய்விட்டாள். அத்தான் முதல் படியில் அப்படியே இருந்து அழுதார். ஒரு வருடமாக அவர் அழுததை நான் கண்டதில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த மருத்துவருக்கும், அக்காவுக்கு மருந்து கலக்கப் பழக்கிய தாதிக்கும் எங்கள் முதல் நன்றி. ஒரு கோடைப் பகலில் மின்சாரம் நின்றபோது தன் ஃபிரீசரிலிருந்த ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு எங்கள் ஐஸ் பைகளுக்கு இடம் தந்த பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்மணிக்கும், சனிக்கிழமை வகுப்பில் அக்காவின் பையைச் சொல்லாமலே தூக்கிக்கொண்டு மேலே போன சக ஆசிரியைகளுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அத்தனை உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மிச்சம் மாமாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் பட்டி கட்டுகிறார். கட்டி முடித்து, "மூச்சு எப்படி, படி ஏறினால் என்ன செய்யுது?" என்றும் கேட்கிறார்.

திவசத்துக்கு வந்து இந்த மலரை வாங்கிய எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கை கழுவும் இடம் மாடியில். நாலு படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீங்கள் ஏறும்போது நான் கீழே நிற்பேன். எந்தப் படத்தின் முன் நீங்கள் நின்றாலும் வந்து, கும்பிட நின்றீர்களா, மூச்சு எடுக்க நின்றீர்களா என்று கேட்பேன். கோவிக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். அக்காவிடம் மூன்று வருடம் நான் அதைக் கேட்கவில்லை.